கோணாமலையின் காலடிகள்

தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம் சித்தாண்டி முருகன் கோயிலிலிருந்து இரண்டு பெண்கள் நடக்கத் தொடங்கினார்கள். மணலில் மூன்று பேரின் காலடிகள் விழுந்தன. முன்னால் நடந்தவள் சீதேவிப்பிள்ளை. அவளோடு போனவள் அவள் கணவனின் அக்கா சின்னத்தங்கம். மூன்றாவது சோடி சீதேவிப்பிள்ளைக்கு வலப்பக்கமாக, ஒரு எட்டுப் பின்தங்கி வந்தது. அகன்ற ஆண் கால். இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

அந்தக் கால் சீதேவிப்பிள்ளையின் கணவன் கோணாமலையினுடையது என்பதில் ஊரில் எவருக்கும் ஐயமில்லை. வயல் வட்டையில் வரம்பு கட்டும்போது மண்வெட்டி விழுந்து போன விரல் அது. அதற்குப் பிறகும் அவன் செருப்புப் போட்டதில்லை. முந்தின ஆவணியில் மண்ணெண்ணெய் வாங்கப் போன இடத்தில் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டான். கண்டவர்கள் ஒரு லொறியில் ஏற்றியதைக் கண்டார்கள், அதற்குமேல் ஒன்றும் காணவில்லை. சீதேவிப்பிள்ளை முகாம் முகாமாகப் போய்க் கேட்டாள். எல்லா இடத்திலும் அப்படியொருவர் இல்லை என்றார்கள். கடைசியில், வாவியைச் சுற்றியுள்ள நாலு கோயில்களுக்கும் வெறுங்காலோடு நடந்து போய், நாலாவது கோயிலில் அவனைத் திருப்பிக் கேட்பதென்று நேர்ந்துகொண்டாள். மாமாங்கத்தில் இராமன் வழிபட மணலே லிங்கமாகி நின்றது. கொக்கட்டிச்சோலையில் பறங்கித் தளபதியின் கண்ணுக்கு முன்னால் கல் நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டது. இப்படிப்பட்ட தெய்வங்களுக்கு ஒரு மனிதனைத் தேடிக் கொடுப்பது பெரிய காரியமாக இராது என்று அவள் நினைத்தாள்.

காலடிகளை முதலில் கண்டது சின்னத்தங்கம்தான். செங்கலடிக்குக் கிட்ட, தண்ணீர் குடிக்க நின்று திரும்பிப் பார்த்தபோது கண்டாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள், அந்தக் காலைப் பார்த்ததும் குந்திவிட்டாள்.

"இஞ்ச பாருகா, இது தம்பிர கால். உசிரோட இருக்கிறவன்ர கால் இப்பிடித் தனிய வருமா?"

அழுதுகொண்டே பக்கத்து வேம்பில் ஒரு கொப்பை முறித்தாள். சென்றியில் ஆமிக்காரர்கள் பார்த்தால் சுட்டுப்போடுவார்கள், அழித்துவிட்டுப் போவோம் என்றாள்.

"தொடாதீங்க மச்சாள். வாறவர் வரட்டும்."

சின்னத்தங்கம் பயந்தபடியே நடந்தது. பட்டினத்துக்கு முந்திய சோதனைச் சாவடியில், ஆள் நடமாட்டம் தெரிவதற்காகப் படையினர் வீதியோரம் மணலை வாரிச் சமப்படுத்தி விட்டிருந்தார்கள். இரண்டு அடையாள அட்டைகளையும் பார்த்த சிப்பாய், மணலைப் பார்த்துவிட்டுத் துவக்கை நிமிர்த்தினான். "நீங்க ரெண்டு ஆள். கால் மூணு ஆள். மத்த ஆள் எங்க?"

"அவரைத்தான் ஐயா நானும் தேடுறன்."

இரண்டு மணித்தியாலம் பற்றைகளைக் குத்தித் தேடினார்கள். பெண்கள் தலையில் கைவைத்தபடி வெயிலில் நின்றார்கள். பிறகு வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்து, வாரிய மணலில் சீதேவிப்பிள்ளையைத் தனியாகப் பத்து எட்டு நடக்கச் சொன்னார். அவள் நடந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் மணல் ஒவ்வொரு அடியாக அமுங்கி வந்தது. ஐந்து துவக்குகள் ஒரே நேரத்தில் அந்த வெற்றிடத்தை நோக்கித் திரும்பின. சீதேவிப்பிள்ளை சட்டென்று கிறுகித் திரும்பி, துவக்குகளுக்கும் அந்த வெற்றிடத்துக்கும் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். கைகள் இறங்கவில்லை. சார்ஜன்ட் குனிந்து அந்த நாலு விரல் காலை வெகுநேரம் பார்த்தார். தன் ஆட்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். துவக்குகள் தாழ்ந்தன. "போங்க. கெதியாப் போங்க" என்றார். அன்று சாவடிப் புத்தகத்தில் மூன்று பேர் கடந்ததாக எழுதப்பட்டது.

மாமாங்கத்தில் கும்பிட்டு, நாவற்குடா வழியாக மண்முனைத் துறைக்கு வந்தார்கள். தோணிக்காரர் கந்தப்போடி இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு கோலை ஊன்றினார். தோணி மூன்று பேரின் பாரத்துக்குத் தாழ்ந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "முன்னால அணியத்தில இருக்கிறவரை அசையாம இருக்கச் சொல்லுங்க பிள்ளை. இண்டைக்குக் காத்துக் கூட" என்றார். மறுகரையான படுவான்கரையில் போராளி இயக்கத்தின் காவலரணிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள். உளவாளி ஒருவனைக் கூட்டி வருகிறாளோ என்று அரைப்பொழுது மறித்து வைத்துப் பிறகு விட்டார்கள்.

இந்தப் பயங்களையெல்லாம் தாண்டிய பிறகு சீதேவிப்பிள்ளைக்கு வேறொரு பயம் பிடித்தது. சித்தாண்டியில் ஆழமாக விழுந்த காலடிகள் கொக்கட்டிச்சோலையில் ஒரு சிறுபிள்ளையின் பாரத்துக்குத்தான் விழுந்தன. மெலிகிறான், எங்கேயோ சாப்பாடில்லாமல் கிடக்கிறான் என்று அவள் பதறினாள். கோயிலில் கொடுத்த பொங்கல் புக்கையில் பாதியை வாழையிலையில் வைத்துக் காலடிகளுக்கு முன்னால் மூடி வைத்தாள். காலையில் இலை வெறுமையாக இருந்தது. காகம் தின்றிருக்கும் என்றாள் சின்னத்தங்கம். ஆனால் மண்டூர் வரைக்கும் காலடிகள் முன்போல் ஆழமாக வந்தன. அன்றிலிருந்து சின்னத்தங்கமும் தன் சோற்றில் பாதியை எடுத்து வைத்தாள்.

மண்டூரில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரமில்லாமல் பூசை செய்வார். திரை விலகவில்லை, மணி மட்டும் கேட்டது. கேட்க வேண்டிய இடம் இதுதான். சீதேவிப்பிள்ளை வழி நெடுகச் சொல்லிப் பார்த்த சொற்கள் நாக்கு நுனியில் நின்றன. குனிந்து பார்த்தாள். அவளுக்கு வலப்பக்கத்தில் இரண்டு பாதங்கள் சாமியைப் பார்த்தபடி மணலில் பதிந்திருந்தன. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தப் பதில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டியாகா?" என்றாள் வெளியே வந்ததும் சின்னத்தங்கம்.

"இல்ல மச்சாள். வாங்க, குருமண்வெளித் தோணி போயிரும்."

காலடிகள் வீடு வரைக்கும் வந்தன, போகவில்லை. சண்டை நின்று, மீண்டும் தொடங்கி, வீடு இரண்டு தடவை எரிந்து இரண்டு தடவை கட்டப்பட்டது. மரணப் பத்திரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் உத்தியோகத்தர் படிவத்தோடு வந்தார். சீதேவிப்பிள்ளை அவரை வீட்டு வளவுக்குக் கூட்டிப் போய், கிணற்றடியில் அப்போதுதான் விழுந்த ஈரக் காலடிகளைக் காட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்; தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு மாசியும் அவர்கள் நாலு கோயிலுக்கும் நடந்தார்கள். சாவடிகளில் ஆட்கள் மாறினார்கள், புத்தகத்தில் மூன்று பேர் என்பது மாறவில்லை. கேட்க வேண்டியதை அவள் ஒரு வருடமும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் போர் ஓய்ந்து பாதை திறந்தது; வேறு அடியார்களும் மாசியில் நாலு கோயிலுக்கும் நடக்கத் தொடங்கினார்கள். அந்த வருடம் வலது கால் தடத்துக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு சின்னக் குழி விழத் தொடங்கியிருந்தது. பொல்லுத்தடி ஊன்றுகிறான் என்றாள் சின்னத்தங்கம். அதனால் இப்போதெல்லாம் அவர்கள் மற்றவர்களுக்கு ஒரு நாள் முந்தியே புறப்பட்டுவிடுகிறார்கள். அவனால் முன்போல் கெதியாக நடக்க முடிவதில்லை.