செத்தவன் வீட்டு எருது

நாள் முழுக்க மொச்சை வயலில் களைகொத்திய இடுப்பு, நிமிர மாட்டேன் என்றது ஹாவிஸுக்கு. கணவன் ஹேமோவைப் புதைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு ஆள் வேலையை ஒருத்தி செய்தால் இடுப்பு என்ன செய்யும்? களைக்கொட்டை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் மடத்துக் காரியஸ்தன் ஆஸ்பர்ன் நின்றிருந்தான்.

எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். குடியானவன் செத்தால் அவன் வீட்டுக் கால்நடையில் சிறந்தது பண்ணைப் பிரபுவுக்குச் சேரும். பிரபுவின் ஆள் வந்து தன் கையால் கயிற்றைப் பிடித்து வாசலிலிருந்து ஓட்டிப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் நிலம் விதவை பெயருக்கு மாறும். ஆனால் இந்தப் பண்ணைக்கு இப்போது பிரபுவே இல்லை. ரெனால்ட் பிரபு பனிக்காலத்தில் வாரிசில்லாமல் செத்துப்போனார். அவர் பாட்டனுக்குப் பண்ணையைக் கொடுத்ததே நாங்கள், வாரிசில்லாவிட்டால் எங்களுக்கே திரும்பும் என்கிறது மடம். நான் அவருக்குத் தாயாதி, பண்ணை எனக்கு என்கிறான் லிங்கன் நகரத்திலிருந்து வந்த ஒருவன். வழக்கு மன்னர் கோர்ட்டில் கிடக்கிறது.

ஹாவிஸிடம் இருந்தது ஒரு நொண்டி ஆடும் ஓர் எருதும். பக்கத்து வீட்டு விமார்க்கின் எருதோடு அதைச் சேர்த்துப் பூட்டித்தான் இரண்டு வீட்டு உழவும் நடந்தது.

"இப்படி இளைச்சுட்டியே தாயி," என்றான் ஆஸ்பர்ன். "எருது உனக்கு வேணும், இருக்கட்டும். அந்த நொண்டி ஆட்டைக் குடு, போதும்."

மடத்து நிலத்தில் ஒரு கிழவி செத்தபோது சினைப்பன்றியை அடித்து ஓட்டிப் போனவன் இவன். இவனுக்கு எங்கிருந்து வந்தது இரக்கம்?

"மூணு கால்ல நடக்கறதை வச்சு என்னய்யா செய்வீங்க? மடத்துல ஜெபம் பாட வைக்கவா?"

"குறைச்சுக் கேட்டா சந்தோஷப்படுவியா, குறுக்குக்கேள்வி கேப்பியா?"

"அப்ப ஊரைக் கூட்டிச் சொல்லுங்க. கடன் தீந்தது, எருது ஹாவிஸுக்கு, லிங்கன்காரன் வந்து கேட்டா மடம் பதில் சொல்லும்னு சொல்லுங்க."

அவன் சொல்லவில்லை. வேலியோரம் நின்ற இருவரைத் திரும்பிப் பார்த்தான். இருவருமே மடத்து ஆட்கள். சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவனுக்கு ஆடும் வேண்டாம், எருதும் வேண்டாம். இந்த வாசலிலிருந்து ஒரு கால்நடையை ஓட்டிப் போனோம் என்று கோர்ட்டில் சொன்னால் போதும். ஓட்டிப் போனவன்தான் பிரபு. நாளைக்கு லிங்கன்காரன் ஜெயித்தால், கண்டவனுக்குக் கொடுத்தாய் என்று எருதோடு நிலத்தையும் பிடுங்குவான்.

ஆஸ்பர்ன் ஆட்டின் கயிற்றை அவிழ்த்தான்.

ஹாவிஸ் தெருவில் இறங்கித் திருடன் திருடன் என்று தொண்டை கிழியக் கூவினாள். அந்தக் கூவலுக்கு ஓடி வராதவனுக்கு அபராதம் உண்டு. ஊரே வந்தது. கஞ்சி அகப்பையோடு முதலில் வந்தவள் விமார்க்.

"எங்கடி திருடன்?"

"கயிறு யார் கையில இருக்குன்னு பாரு."

ஆஸ்பர்ன் கயிற்றைக் கீழே போட்டான். "உனக்குப் போய் இரக்கப்பட்டேன் பாரு."

"எல்லாரும் பாத்துக்குங்க," என்றாள் ஹாவிஸ். "இந்த வாசல்லேர்ந்து எதுவும் போகலை. பிரபு யாருன்னு தீர்ப்பு வரட்டும். அவர் ஆளு வந்து எருதை ஓட்டிக்கட்டும்."

"தீர்ப்பு வர்றதுக்குள்ள எருது கிழமாயிடும்டி," என்றாள் விமார்க்.

"ஆகட்டும். அதுவரைக்கும் உழும்ல."

மறுநாள் காலை இரண்டு எருதுகளையும் நுகத்தில் பூட்டினார்கள். நிலம் இன்னும் ஹேமோ பெயரில்தான் இருந்தது. அவன் செத்த வகையில் பண்ணைக்கு ஓர் எருது பாக்கி.