அழாமல் போன பத்து மாதம்

கண் மருத்துவமனையில் எனக்கு வேலையே பேசுவதுதான். டாக்டர் மூன்று நிமிடத்தில் சொல்லி அனுப்புவதை, நான் முப்பது நிமிடம் உட்காரவைத்துப் பெற்றவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். மாறுகண் பிரிவில் பதினோரு வருடமாக இதே பாட்டு. கண்ணாடி என்ன செய்யும், கண்ணை மூடுகிற ஒட்டு என்ன செய்யும், ஆபரேஷன் எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது. கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் வைப்பேன். "அந்தம்மாகிட்ட போனா பரீட்சை எழுதிட்டுத்தான் வரணும்" என்று கீழே மருந்துக்கடையில் பேசிக்கொள்வார்களாம். பேசிக்கொள்ளட்டும். விளங்காமலே தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாயாடியின் அம்மா தலையாட்டுகிற ரகம் இல்லை. வாயாடி என்பது நான் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர். போன வருடம் முதல்முறை வந்தபோது ஏழு வயது. நாற்காலியில் ஏறி உட்கார்வதற்குள் என் வளையல் என்ன விலை, மின்விசிறி ஏன் ஆடுகிறது, டாக்டருக்கு ஏன் தலையில் முடி இல்லை என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டாள். இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தது. கண்ணாடி மாட்டியும் நேராகவில்லை. எழுத்துப் பலகையில் அந்தக் கண்ணால் மூன்றாவது வரி வரைதான் படித்தாள்.

அவள் அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் வேலை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஸ்கூல்ல ஒன்றரைக்கண்ணுன்னு கூப்பிடுறாங்க மேடம். ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சுதுல்ல?"

"முடியாதும்மா. ஆபரேஷன் கண்ணை நேரா நிறுத்தும், அவ்வளவுதான். பார்வை வராது. ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாத்தா மூளை குழம்பிப் போயி, இடது கண்ணு காட்டுறதைக் கண்டுக்காம விட்டுடுச்சு. அதனால அந்தக் கண்ணு பாக்கவே கத்துக்கல. நல்லா இருக்கிற வலது கண்ணை தினம் ஆறு மணி நேரம் ஒட்டு போட்டு மூடணும். அப்பத்தான் இது வேற வழியில்லாம வேலை செய்யும். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. எட்டு ஒன்பது வயசுக்கு மேல போனா இது கத்துக்கிறது ரொம்பக் கஷ்டம். அதனால முதல்ல பார்வை, அப்புறம்தான் அழகு. எங்க, திருப்பிச் சொல்லுங்க?"

"நல்ல கண்ணை மூடணும். சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கணும்."

நூற்றுக்கு நூறு. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "பரவாயில்லம்மா, நான் ஃபோன்ல கேட்டுக்கிறேன்" என்றேன். தூரத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் நாங்கள் அப்படித்தான் செய்வோம். அதற்கென்று ஒரு தாள் இருக்கிறது, அதில் மூன்று கேள்வி. தினமும் ஒட்டுகிறீர்களா? எத்தனை மணி நேரம்? குழந்தை அழுகிறதா?

முதல் முறை அம்மா எடுத்தாள். "ஒரே அழுகை மேடம். படியில விழுந்து முன்பல்லு உடைஞ்சிடுச்சு." அழட்டும், விட்டுவிடாதீர்கள் என்றேன். அடுத்த முறையிலிருந்து அப்பாதான் எடுத்தார். "இப்ப அழுறதே இல்ல மேடம். ஓடுறா, டிவி பாக்குறா, அவ பாட்டுக்கு இருக்கா."

"பலே சார்! பழகிட்டா. அப்படியே விடாமப் போங்க" என்று சொல்லி, மூன்று கட்டத்திலும் டிக் அடித்தேன்.

பத்து மாதம் கழித்து, இந்த வாரம்தான் நேரில் வந்தார்கள். அப்பாவும் பெண்ணும் முதலில் வந்தார்கள். சலவை நிலையத்தில் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு அம்மா நேராக இங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அப்பாவை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். வெல்டிங் வேலை. முன்கை முழுக்கப் பொறி பட்ட புள்ளித் தழும்புகள். வாயாடி வாசலிலிருந்தே, "ஆன்ட்டி, உங்க பழைய வளையல் எங்க?" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

ஒட்டு இடது கண்ணில் இருந்தது.

அவசரத்தில் இன்றைக்கு மட்டும் மாற்றி ஒட்டியிருப்பார், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"யாரு சார் தினமும் ஒட்டுறது?"

"நான்தான் மேடம். இவ அம்மா காலைல ஆறுக்கே வேலைக்குப் போயிடுவா. அவ திரும்பி வர்றதுக்குள்ள ஆறு மணி நேரம் முடிஞ்சு எடுத்துடுவோம். ஒரு நாள்கூட விட்டதில்ல. இங்க பாருங்க." செல்போனில் படம் காட்டினார். எடுத்த ஒட்டுகளையெல்லாம் பீரோக் கதவில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள் வாயாடி. கதவே தெரியவில்லை.

"எப்பவும் இந்தக் கண்ணுலதானா?"

"முதல்ல அந்தக் கண்ணுலதான் ஒட்டினேன். பல்லு உடைஞ்சு ரத்தமா வந்து நின்னா மேடம், என்னால தாங்க முடியல. அப்பத்தான் யோசிச்சேன். எங்க வேலைல கண்ணுல பொறி பட்டா, பட்ட கண்ணைத்தான் மூடி வைப்போம். ரெண்டு நாள் ஓய்வு குடுத்தா ஆறிடும். யாராவது நல்ல கண்ணைப் போயி மூடுவாங்களா? இவ அம்மாதான் மாத்திச் சொல்றான்னு நினைச்சேன். சொன்னா கத்துவான்னு சொல்லல. இந்தக் கண்ணுக்கு மாத்தினதும் அழுகை நின்னு போச்சு. ஆறுதுன்னு நினைச்சேன்."

அழுகை நின்றுபோகாமல் என்ன செய்யும்? நல்ல கண் திறந்திருக்கிறது. மூளை ஏற்கெனவே மறந்துவிட்ட இடது கண்ணையோ தினம் ஆறு மணி நேரம் இருட்டில் அடைத்து வைத்திருக்கிறோம். ஒட்டு போட்ட பிள்ளை அழவே இல்லை என்றால் உடனே நேரில் வரச்சொல்லிப் பார்க்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட நான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுக்கிற மகராசி நானேதான் டிக் அடித்தேன்.

அம்மா வியர்வையோடு ஓடிவந்தாள். பெண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? இந்தக் கண்ணுல ஒட்டிருக்கீங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். "பத்து மாசமாவா?" என்று கேட்டவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம் பலேன்னு சொன்னாங்களே..." என்றார் அவர். குற்றம் சாட்டவில்லை. நனைந்தவன் குடையைத் தேடுவது போலத் தேடினார், அவ்வளவுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சொன்னேன்" என்றேன். "அழலைன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. இது என் தப்பு சார், உங்க தப்பு மட்டும் இல்ல."

அதைச் சொன்னதால் யாருக்கு என்ன வந்தது? அம்மா தலைநிமிரவே இல்லை.

பலகையைப் படிக்க வைத்தேன். இடது கண்ணால் உச்சியிலிருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. அடுத்த வரிக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, சரியா என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தாள். பலகையை இதற்குமேல் பெரிதாக்க முடியுமா? முடிந்திருந்தால் செய்திருப்பேன்.

"ஆபரேஷன் பண்ணிடுங்க மேடம்" என்றார் அப்பா. "கடனோ உடனோ, நான் பாத்துக்கிறேன். இன்னைக்கே எழுதிடுங்க."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆபரேஷன் செய்தால் கண் நேராக நிற்கும், பள்ளிக்கூடத்தில் ஒன்றரைக்கண்ணு என்கிற பேச்சு நிற்கும், ஆனால் பார்வை இப்போது இருக்கிறபடிதான் இருக்கும். ஒட்டை வலது கண்ணுக்கு மாற்றினால் கொஞ்சம் வரலாம். எட்டு வயதாகிவிட்டது, வராமலும் போகலாம். அழுவாள், விழுவாள், படிப்பில் பின்தங்குவாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு ஆபரேஷனை யோசிக்கலாம். டாக்டரும் இதைத்தான் சொல்வார்.

"எவ்வளவு வரும் மேடம்?" என்று கேட்டாள் அம்மா.

"தெரியலம்மா."

"பழைய அளவுக்காவது?"

"வாக்குக் கொடுக்க முடியாதும்மா."

"நீங்களே சொல்லுங்க மேடம். உங்க பொண்ணா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

மாதத்துக்கு நாலு பேர் கேட்கிற கேள்வி இது. பதில் தயாராக வைத்திருப்பேன். பத்து மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அம்மாதான் முடிவு செய்தாள். "ஒட்டே போடுங்க. அழுதா அழட்டும்."

"என்னால ஆகாது" என்றார் அவர். "எடுத்துடுப்பான்னு அவ ஒரு தடவ சொன்னாப் போதும், என் கை தானாப் போயி எடுத்துடும். என்னை நம்பாதீங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். வராந்தாவில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

வாயாடியின் இடது கண் ஒட்டை எடுத்தேன். புதிதாக ஒன்றைப் பிரித்து வலது கண்ணில் ஒட்டினேன். மளமளவென்று பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தலையைச் சாய்த்து, நிமிர்த்தி, அறையைத் தேடினாள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வாசலும், எழுத்துப் பலகையைப் போலவே, இருபது அடி தூரம். முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பா அந்த வாசலில் வந்து நின்றார்.

அவளும் அந்தப் பக்கம்தான் பார்த்தாள். என் காதருகே சாய்ந்து, மரியாதையாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்க. அவங்களை அப்புறமா வரச் சொல்லுங்க. எங்கப்பா வெளிய போயிருக்காரு, முதல்ல அவரைக் கூப்பிடுங்க. அவர் வந்தா இதை எடுத்துடுவாரு."