கேட்காமல் போகிறவர்கள்

"காலும் ஏலாது, போனும் பட்டன் போன். உங்களுக்கு எப்பிடிப் புள்ள இந்த வேலை தந்தாங்க?" என்று இரண்டு வருடங்களுக்கு முன்பு, அவள் தன் ஆட்டோவில் ஏறிய முதல் சவாரியில் உதயரூபன் கேட்டிருந்தான்.

"கண்ணுக்கு ஒண்டுமில்லையே," என்றாள் கேதீஸ்வரி. "சாமான் வாங்கிற ஆள் மாதிரிப் போய்க் கடையை வேவு பாக்கிறதுதானே. ஊன்றுகோலோட வாறவளை ஆர் சந்தேகப்படப் போறாங்க?"

இன்றும் புளியந்தீவுத் துணிக்கடையிலிருந்து வந்து ஆட்டோவில் ஏறியதும், கடைகளின் கவனிப்பைச் சோதிக்க அவளை அனுப்பும் கொழும்புக் கம்பெனிக்குப் போனில் ஒப்புவித்தாள். படம் எடுக்க முடியாத போன், எல்லாம் மனதிலிருந்துதான். உட்காரக் கதிரை தர நாலு நிமிடம், பட்டனில்லாத மூன்று சட்டை, நிமிர்ந்தே பார்க்காத காசாளர். உதயரூபன் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முழுக் கடையையே தலைக்குள் தூக்கி வந்திருக்கிறாள். அவளிடம் கேட்க நினைத்ததை வழக்கம்போல் கேட்காமல் ஹோர்னை அடித்தான். மறுத்துவிட்டால் இந்தச் சவாரியும் இல்லாமல் போகும்.

"கடைசியா ஒண்டு," என்றாள் போனில். "கேக்க வந்ததைக் கேக்காமப் போற ஆக்களை அங்க ஒருத்தரும் கவனிக்கல்ல."

போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "நீங்களும் அப்பிடித்தான். ரெண்டு வருசமா என்னவோ கேக்க வாயெடுக்கிறீங்க, பிறகு ஹோர்னை அடிக்கிறீங்க."

அவன் எஞ்சினை நிறுத்தினான். இவளிடம் எதைத்தான் ஒளிப்பது?

"என்னைக் கலியாணம் முடிப்பீங்களா, கேதீஸ்?"