கையில் எடுக்காத ஜாடி

அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'தொடாதீங்க அக்கா'. ஒன்பது வருடமாக மண்பாண்டக் கூடத்தில் கண்கொத்திப் பாம்பாகக் காவல் நிற்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்த ஜாடிகளைத் தொட்டுப் பார்க்க அங்கே அதிகம் ஏங்கியவளே அவள்தான் என்று அதுகளுக்கு எப்படித் தெரியும்.

அந்த ஏக்கத்தில்தான் அஞ்சல்வழியில் பட்டம் வாங்கினாள். கலைப்பொருள் பாதுகாப்பு முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பமும் போட்டாள். இடம் ஆறே ஆறு, வந்தவர்கள் நாற்பது பேர். முப்பத்தைந்து வயது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு இதுதான் கடைசி வருடம். கிடைத்தால் போ, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கணவன் சொல்லிவிட்டான். அவன் சமையலை நினைத்துப் பிள்ளைகளுக்குத்தான் கிலி.

நேர்முகத் தேர்வில் அவள்தான் கடைசி ஆள். மேசைமேல் ஒரு மண்ஜாடி இருந்தது. கால் மணி நேரம் பார்த்துவிட்டுத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னார் பேராசிரியை. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஜாடியின் வாய் ஒரு பக்கம் தேய்ந்திருப்பதைக் காட்டி, ஊற்றியவருக்கு இடதுகைப் பழக்கம் என்றாள். வேறு ஏதாவது உண்டா என்று பேராசிரியை இரண்டு முறை கேட்டார். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, பிரமாதமாகச் செய்துவிட்ட நிறைவோடு வெளியே வந்தாள்.

வராந்தாவில், அவளுக்கு முன்னால் போய்வந்த பெண் பேச்சுக் கொடுத்தாள். ஜாடியின் அடிப்பக்கம் உடைஞ்சு ஒட்டியிருக்கே, அதை என்னவென்று சொன்னீங்க, பிசினா மெழுகா என்று கேட்டாள். இவள் அடிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

விடுவிடுவென்று உள்ளே திரும்பினாள். பேராசிரியை ஜாடியை எடுத்துவைக்கப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, நீங்க அதைக் கையிலயே எடுக்கல?"

"எடுக்கலாம்னு யாரும் சொல்லலையே மேடம்."

மற்ற யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்றார் அவர். மதிப்பெண்ணைக் கணினியில் போட்டு அப்போதே அனுப்பியாயிற்று, இனி மாற்ற வழியில்லை என்றார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப எடுத்துப் பாருங்க."

இரண்டு கையாலும் எடுத்தாள். இத்தனை வருடம் நினைத்திருந்ததைவிட லேசாக இருந்தது. திருப்பினாள். பிசின்தான். ஒட்டியவரின் விரல் ரேகை அதில் பதிந்திருந்தது. அதன்மேல் தன் விரலை வைத்தாள். படிப்பு கைநழுவிப் போய்விட்டது என்று நன்றாகவே தெரிந்தது.

பேராசிரியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் மேடம்" என்றாள்.