காந்தத்துக்கு வராத தண்ணீர்

அக்காவுக்குப் பொறுமை என்றாலே வேப்பங்காயாகக் கசக்கும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, கண்ணுக்கே தெரியாத இரும்பு ஆக்சைடு உருண்டைகளை உள்ளே வெறும் கூடாகச் செய்வது. வயிறு காலியாக இருந்தால்தான் அதில் மருந்தை அடைக்கலாம். காந்தத்தைக் காட்டி உடம்பில் வேண்டிய இடத்துக்கு இழுக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் கெட்டி உருண்டைதான் வந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை ஓட்டுவது அவளுடைய சொந்தத் தங்கை. அதனால் அந்தக் கெட்ட சேதியும் வீட்டு ஆள் வாயாலேயே வந்து விழும்.

இன்றைக்கும் கெட்டி என்றால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாகப் பேராசிரியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அழுத்தக் கலனில் வெந்து ஆறிய கலவையை பீக்கரில் ஊற்றி, பக்கத்தில் காந்தத்தை வைத்தாள். கறுப்புப் பொடி ஓடிவந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. மிச்சம் நின்ற பழுப்புத் தண்ணீரை வழக்கம்போல வேறு பீக்கரில் வடித்தாள். கழிவுக் கேனில் கவிழ்க்கப் போனபோது போன் அடித்தது. பீக்கரைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"அக்கா, சார் வந்து உக்காந்துட்டாரு. ஒரு சாம்பிள்தான் பாப்பாராம். சீக்கிரம் வா."

"வரேன்டி, உயிரை வாங்காதே! மெஷின் ரெடியா?"

"இன்னும் வேக்குவம் ஏறலை..."

"அப்புறம் எதுக்குடி என்னை விரட்டுறே?"

ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டுத் திரும்பியவள் பீக்கரைக் குனிந்து பார்த்தாள். கீழே வைத்த பீக்கர் காந்தத்தின் மறுபக்கத்தை உரசிக்கொண்டு நின்றது. பழுப்புத் தண்ணீர் தெளிந்துபோயிருந்தது. காந்தத்தை ஒட்டிய கண்ணாடியில் மெல்லியதாக ஒரு படலம்.

கூடு என்றால் இரும்பு கம்மி. இரும்பு கம்மி என்றால் காந்தத்துக்கு மெதுவாகத்தானே வரும்? அடிப்பாவி, இத்தனை நாளாக எதைக் கழிவில் ஊற்றினேன்? இல்லை, இது வெறும் தூளாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் கதை இன்றோடு முடிந்தது.

பொடி இருந்த பீக்கர், படலம் ஒட்டிய பீக்கர் இரண்டையும் எடுத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப் இருந்த கீழ்த்தளத்துக்கு ஓடினாள். தங்கை கை நீட்டினாள். அக்கா படலம் ஒட்டிய பீக்கரைக் கொடுத்தாள்.

"இது வடிச்சுக் கொட்டுற தண்ணிதானே? விளையாடுறியா?" என்றார் பேராசிரியர்.

"இதையே போடுடி" என்றாள் அக்கா.

படலத்தைக் கலக்கி எடுத்த ஒரு சொட்டு உலர்ந்து மைக்ராஸ்கோப்புக்கு உள்ளே போனது. திரையில் முதலில் வெறும் மங்கல். தங்கை குமிழைத் திருகினாள். கறுப்பு விளிம்பும் நடுவில் வெளிச்சமுமாக, திரை முழுக்க வளையங்கள்.

"எல்லாம் காலிக்கா!" தங்கை கத்தியே விட்டாள்.

பேராசிரியர் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை. "மத்த தடவை வடிச்ச தண்ணியெல்லாம் கொண்டா. அதையும் பாத்துடலாம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"கேன்ல ஊத்திட்டேன் சார்."

"எல்லாத்தையுமா?"

"ஒரு சொட்டு விடாம."