இரண்டு குமிழ் வைத்த கமரா

எமில்ராஜின் கடை மேசையில் இரண்டு வீடியோக் கமராக்கள் இருந்தன. இரண்டும் பாவித்தவை, இரண்டும் பத்மாசினியின் கைக்கு எட்டிய விலை. அவளுடைய புருசன் பிரணவன் சிறியதைக் கையில் எடுத்தவன், பிறகு அதைக் கீழே வைக்கவேயில்லை.

"உம்மடை கைக்கு இது காணும் பத்மா. லேசு. நீர் தனிய நிண்டே எடுப்பீர்."

"சத்தத்தைக் கையாலை கூட்டிக் குறைக்கேலுமோ?"

"அது தானாப் பாக்கும்."

தானாகப் பார்க்கும் இலட்சணத்தைப் பத்மாசினி பட்டு அறிந்தவள். இருவருமாகக் கொடிகாமத்தில் கலியாண வீடியோ எடுக்கத் தொடங்கி ஆறு வருசம். அவள் கமரா, அவன் மைக். போன ஆவணியில் ஒரு கலியாணம். கெட்டிமேளம் முழங்கியதும் பழைய கமரா பயந்துபோய்த் தன்பாட்டில் சத்தத்தை அடக்கிக்கொண்டது. மேளம் ஓய்ந்ததும் பெண்ணின் தகப்பன் அழுதபடி மகளுக்குச் சொன்ன நாலு வார்த்தை படத்தில் இல்லை. வாய் அசைகிறது, அவ்வளவுதான். அந்த மனுசன் வீட்டு வாசல் படலையில் வந்து நின்று கேட்டபோது பத்மாசினிக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவ்வளவும் நடந்த பிறகு அதே சாதிக் கமராவை வாங்க அவளுக்கு என்ன விசரா?

மற்றக் கமரா தோளில் வைக்கிற பெரிய சாமான். பாரம்தான். ஒருவர் அதைத் தூக்கினால் இன்னொருவர் கூடவே நின்று லைற்றும் மைக்கும் பார்க்க வேண்டும். ஆனால் பக்கத்தில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று கமரா மைக்குக்கு, மற்றது சட்டையில் குத்துகிற வயரில்லாத மைக்குக்கு. திருகினால் கூடும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும்.

"ஒராள் வெளியிலை போய்க் கதையுங்கோ, மற்றவர் கேட்டுப் பாருங்கோ," என்றார் எமில்ராஜ்.

பிரணவன் மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு படியிறங்கினான். பத்மாசினி ஹெட்போனை மாட்டிப் பதிவை அழுத்தினாள். அவன் சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் நடந்துபோய், தவில்காரனைப்போல வாயாலேயே கெட்டிமேளம் கொட்டினான். சந்தைச் சனம் சிரித்திருக்கும். அவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவள் குமிழைக் குறைத்தாள்; முழக்கம் கரகரக்காமல் வந்தது. பிறகு மெல்லக் கதைத்தான். கூட்டினாள், மூச்சுக்கூடக் கேட்டது. அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இதுதான் எங்கள் கமரா என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

அந்த நேரம் அவனுடைய போன் அடித்தது.

"ஓம் அக்கா," என்றான். கனடாவில் இருக்கும் தமக்கை. அவன் குரல் இன்னும் தாழ்ந்தது. மற்றவர் கதையைக் காது கொடுத்துக் கேட்பது பிழை என்று பத்மாசினிக்குத் தெரியாதா? இப்போதுதான் திருகிப் பழகிய கை, தாழ்ந்த குரலைக் கேட்டதும் தன்பாட்டில் குமிழைக் கூட்டிவிட்டது.

"புதன்கிழமை பயணம். ஏஜென்சிக்காரன் நேற்றுத்தான் சொன்னவன்... ஓம், அம்மாவுக்குத் தெரியும். பத்மாவுக்குச் சொல்லேல்லை. போய் இறங்கினாப் பிறகு சொல்லுவம். முதல் சொன்னா அழுது குழப்பிப்போடுவாள்... இல்லையக்கா, ஒரு சின்னக் கமரா வாங்கிக் குடுத்திட்டுத்தான் வாறன். தனிய எடுத்துப் பிழைப்பாள்."

பத்மாசினி விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். இன்று திங்கள்.

ஏஜென்சி மூலம் வெளிநாடு போகிறவர்கள் போய்ச் சேரும்வரை வாய் திறப்பதில்லை. கண்ணூறு படும், ஆராவது காட்டிக் கொடுப்பார்கள், பயணம் முறியும். அயலட்டைச் சனத்துக்குச் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்! அது சரிதானே என்று அவளே நியாயம் கதைத்திருக்கிறாள். அந்த அயலட்டையில் தன்னையும் ஒருத்தியாக அவன் சேர்ப்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. காலையில் தேத்தண்ணி தந்து, கவனமாய்ப் போய் வா பிள்ளை என்ற மாமிக்கும் தெரியும். கூடப் படுத்து எழும்புகிறவளுக்கு மட்டும் தெரியாது.

லேசான கமராவாம். தன்னுடைய இடுப்பு வலியை நினைத்துத்தான் சொல்கிறான் என்று உள்ளுக்குள் உருகிக்கூடப் போனாளே, மடைச்சி!

"என்ன தங்கச்சி, சத்தம் வரேல்லையோ?" என்றார் எமில்ராஜ்.

"வருது அண்ணை. நல்லா வருது."

பிரணவன் சிரித்துக்கொண்டு படியேறி வந்தான். "எப்பிடி என்ரை தவில்? கேட்டுதோ?"

அவள் ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டினாள். பதிவைப் பின்னுக்கு ஓட்டி, போன் அடித்த இடத்தில் விட்டாள். அவன் முகத்தில் இரத்தம் வற்றியது. ஏதோ பிழை என்று விளங்கிக்கொண்ட எமில்ராஜ் பின்னறைக்குள் எதையோ தேடப் போனார்.

"பத்மா, உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு..." அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

அவள் அதை வாங்கித் தன் காதில் மாட்டினாள். பதிவை மறுபடி அழுத்திக் குமிழில் விரலை வைத்தாள்.

"மைக் இன்னும் உங்கடை சட்டையிலைதான் கிடக்கு," என்றாள். "அக்காவுக்குச் சொன்னதை இப்ப எனக்குச் சொல்லுங்கோ."