பழைய கண்ணின் நிறம்

வலது கண்ணின் கட்டைப் பிரித்த அன்று, வீட்டுச் சுவர் வெள்ளை என்பதே அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்துவது அவர் தொழில். முகமெல்லாம் நீலம் பாரித்திருக்கிறது என்று ஸ்டுடியோ முதலாளி ஏன் ஓயாமல் முணுமுணுத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. கண்புரை உலகத்தையே தேநீரில் முக்கி வைத்திருந்திருக்கிறது. அந்த மஞ்சளைக் குறைக்கிறேன் பேர்வழி என்று, எத்தனையோ மணப்பெண்களைக் குளிரில் விறைத்தவர்களாக்கி அனுப்பியிருக்கிறார்.

அதுகூடப் போகட்டும். மனைவியின் முகம்தான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. காதோர நரை, கண்ணுக்குக் கீழே கருமை, உதட்டோரம் இரண்டு கோடுகள். இவையெல்லாம் எப்போது வந்தன? கூடவே இருந்தும் தெரியாமல் போயிற்றே என்ற வெட்கத்தில், அதன் பிறகு அவளுக்கு முகம் கொடுத்தே பேசவில்லை. அவளோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே பவுடர் பூசிக்கொண்டு நடமாடத் தொடங்கினாள்.

அதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் இடது கண்ணுக்கும் அறுவை சிகிச்சை. அந்தக் கண்ணுக்கு அவள் எப்படித் தெரிகிறாள் என்பதை அதற்குள் அவளுக்குக் காட்டிவிட வேண்டும். ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தவளைக் கைபேசியில் படமெடுத்துக் கணினியில் ஏற்றினார். இலவசமாகச் சோதித்துப் பார்க்கக் கிடைத்த படத்தின் நிறத்தை மாற்றும் ஃபில்டர் பிளகின்களை எல்லாம் இறக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பழைய கண்ணால் அவளை ஒரு பார்வை, புதுக் கண்ணால் திரையை ஒரு பார்வை. ஒன்று அந்தி வெயிலைக் கொட்டியது. ஒன்று மணலைத் தூவியது. கடைசியில் மூடுபனி ஒன்றை மெலிதாக விரித்து, அதன்மேல் தேன் நிறத்தைக் கசியவிட்டதும், திரைச்சீலையும் துணிக்குவியலும் அவளும் வெதுவெதுப்பான நீருக்கடியில் மிதப்பதுபோல் ஆயிற்று. அதேதான்.

"இங்க கொஞ்சம் வாயேன்."

வந்து குனிந்து பார்த்தாள். "யாரு இது?"

"நீதான். இத்தன நாளா எனக்கு நீ இப்படித்தான் தெரிஞ்ச."

அவள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். "நல்லாத்தான் இருக்கா. அதான் நெஜத்தப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்களாக்கும்?"

"ஐயோ, அது இல்ல. பக்கத்துலயே இருந்தும் நீ மாறினது ஒண்ணுகூட எனக்குத் தெரியல. உன் மூஞ்சியப் பாக்கவே வெக்கமாப் போச்சு."

அவள் அவரையே பார்த்தபடி நின்றாள். பிறகு கைபேசியை எடுத்து, கேட்காமலே அவரைப் படமெடுத்தாள்.

"எந்திரிங்க. எனக்கு நீங்க எப்படித் தெரியிறீங்கன்னு நான் காட்டுறேன்."

"உனக்கு இதெல்லாம்..."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் இத்தன வருஷமா. அந்தப் பக்கம் போய் உக்காருங்க. எட்டிப் பாக்கக் கூடாது."

எதிர்ப்பக்கம் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து திரையின் முதுகுதான் தெரிந்தது. அவள் ஒரு ஃபில்டரைப் போடுவாள், தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், அடுத்ததற்குப் போவாள். ஒருமுறை தனக்குள்ளேயே சிரித்தாள். மழை இருட்டு அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் பச்சையாகப் படர்ந்தது, சிவந்தது, வெளுத்தது, மறுபடி பொன்னாகி, அங்கே நிற்காமல் மேலும் மாறிக்கொண்டே இருந்தது.